வேண்டாம் பேபி

“வேண்டாம் பேபி... வேண்டாம் பேபி யாரும்மா?”

முதல் தடவை கூப்பிட்டபோது யாருக்கும் புரியவில்லை. எந்தத் தாயோ ஊசி வேண்டாம் என்று தகராறு செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நர்ஸ் கார்டை உயர்த்திப் பிடித்து இரண்டாவது தடவை கூப்பிட்டதும் மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. முன்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கைமாறிக் கைமாறிக் கடைசி பெஞ்சு வரைக்கும் வந்தது.

என் மனைவி எழுந்தாள்.

திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தடுப்பூசிக் கூடம் அது. ஸ்பிரிட் வாசனை. பால் கக்கிய துண்டுகளின் புளிப்பு. தலைக்கு மேல் சுற்றினோம் என்று பேருக்குச் சுற்றும் மின்விசிறி. மகளுக்கு அப்போது ஒன்றரை மாதம். பெயர் வைக்காத குழந்தைக்கு அங்கே தாயின் பெயர்தான் விலாசம். தாயின் பெயரை எழுதிப் பக்கத்தில் பேபி என்று எழுதிவிடுவார்கள். லட்சுமி பேபி. ஜெயந்தி பேபி. பிறந்த அன்று மணிக்கட்டில் கட்டிய பட்டையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

என் மனைவியின் பெயர் வேண்டாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சும்மா இருக்கவில்லை. “இன்னாம்மா, ஊசி வேண்டாமா, கொழந்தையே வேண்டாமா?”

“ரெண்டுமே வேணும்மா. என் பேருதான் வேண்டாம்.”

சொல்லிவிட்டு, துண்டில் சுற்றிய குழந்தையோடு இரண்டு பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே நடந்து போனாள். தூறலில் நடக்கிறவர்கள் மாதிரி, தலையை லேசாகக் குனிந்து, வேகத்தைக் கூட்டாமல். அப்படி நடந்து அவளுக்குப் பழக்கம். குழந்தைக்கு அது முதல் தடவை.

நர்ஸ் மேல் குற்றம் இல்லை. கார்டில் இருந்ததைத்தான் படித்தார். ஊசி போட்டு முடித்து, குழந்தையின் தொடையில் பஞ்சை அழுத்திக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார், பெயரை முடிவு செய்து பதிந்துவிட்டு வந்தால் கார்டில் எழுதிவிடுவதாகவும், அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவதாகவும்.

ஷேர் ஆட்டோவில் குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிய பிறகு அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

“அடுத்த ஊசிக்குள்ள பேர வச்சிடுங்க. நீங்கதான எழுதறவரு.”

நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதியபோது ஒரு வாசகி கேட்டிருந்தார்: ‘எல்லாரையும் பேர் சொல்லி எழுதுகிறீர்கள், உங்கள் மனைவிக்கு மட்டும் ஏன் பேரே இல்லை?’ மனைவியிடம் காட்டினேன். இனிமேல் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்த அத்தியாயம்.

பலித்த பெயர்

பொதட்டூர்பேட்டையிலிருந்து உள்ளே போகும் சாலையில் அவள் பிறந்த ஊர். கொஞ்சம் நெல் நிலம், பம்புசெட், இரண்டு மாடுகள் வைத்துக் கௌரவமாக வாழ்ந்த குடும்பம். அந்தப் பக்கத்தில் சில ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பெண்களுக்குப் பிறகு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் வேண்டாம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அது சாமி காதில் விழும். அடுத்தது ஆணாகப் பிறக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒரு பிள்ளையைக் கூப்பிடுவோம்? அத்தனை தடவையும் வேண்டுதல். தனியாகக் கோயிலுக்குப் போக வேண்டியதில்லை.

மூத்தவர்கள் சரஸ்வதி, தேவகி. மூன்றாவது இவள். இரண்டு வருஷத்தில் தம்பி பிறந்தான். பேரு பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னது. கதவு திறந்த பிறகு சாவியை யார் கவனிக்கிறார்கள். அது பாட்டுக்குக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

என் மாமனார் பொல்லாதவர் இல்லை. மழை நாளில் மகளைத் தோளில் தூக்கி ஓடை தாண்டிப் பள்ளியில் விட்டவர். “எம்மா வேண்டாம், துன்னியா?” என்று அவர் இன்றைக்கும் போனில் கேட்கும்போது அந்தக் குரலில் எவ்வளவு பிரியம் இருக்கும் தெரியுமா? எனக்கு விளங்காமல் போனது அதுதான். ஒரு சொல்லுக்குள் அதன் அர்த்தமும் அதைச் சொல்கிறவரின் அன்பும் ஒன்றையொன்று பார்க்காமல் இத்தனை வருஷம் எப்படி ஒரே வீட்டில் குடியிருந்தன?

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் வேணி என்று அச்சடித்திருந்தார்கள். எனக்கும் அதுவரை அவள் வேணிதான். திருமணத்தைப் பதியப் போன இடத்தில்தான் உண்மை தெரிந்தது. எழுதுகிறவர் தலை நிமிராமல் மணமகள் பெயர் கேட்டார். அவள், வேண்டாம், என்றாள்.

“சொல்ல வேண்டாம்னா எப்பிடிம்மா, எழுதணுமில்ல?”

“அதான் சார் பேரு.”

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். நானும் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவள் முகத்தில் வெட்கம் இல்லை, கோபம் இல்லை. கியூவில் நிற்கிறவர்களின் களைப்புதான் இருந்தது. எங்கே போனாலும் இந்த ஒரு நிமிஷத்தைக் கடந்தாக வேண்டும் என்று தெரிந்தவர்களின் களைப்பு.

ஸ்டோர்ஸ்காரன் நோட்டு

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். பெயர் ஒட்டுவதுதான் என் வேலை என்று சொல்லலாம். நட்டு, போல்ட்டு, வாஷர், ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் தனித்தனி ட்ரே, ட்ரேக்கு ஒரு லேபிள். லேபிள் தப்பினால் மெஷின் நிற்கும். அந்தப் புத்தியோடு கவிதையும் எழுதுகிறவன் மகளுக்குப் பெயர் தேட உட்கார்ந்தால் என்ன ஆகும்?

நீளமான நோட்டு ஒன்று வாங்கினேன். மூன்று பத்தி போட்டேன். பெயர், வேர், பொருள்.

நாற்பத்தேழு வயதில் அப்பா ஆனவன் நான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தை. லேசான பெயர் எதுவும் எனக்குக் கை வரவில்லை. கழன்றுபோன அட்டையோடு ஒரு பழைய அகராதி வைத்திருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் அதை ட்ரேக்களுக்கு நடுவே பிரித்துவைத்துக்கொண்டு தயிர்சாதம் பட்ட விரலால் புரட்டுவேன். நல்ல சொல் ஒன்று கிடைக்கும். எழுதுவேன். இரண்டு நாள் வாயில் போட்டுச் சுவைப்பேன். மூன்றாம் நாள் அதற்கு இன்னொரு பொருள் இருப்பது தெரியும். ஓர் இடத்தில் மலர், இன்னோர் இடத்தில் புண். அடித்துவிடுவேன்.

இணையத்திலும் தேடினேன். அங்கே எந்தப் பெயரைப் போட்டாலும் மூன்றே பொருள்தான்: ஒளி, இளவரசி, கடவுளின் பரிசு. சலித்துப் போய் ஒரு நாள் என் மனைவியின் பெயரையே ஆங்கில எழுத்தில் போட்டுப் பார்த்தேன். அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. ராசியான நிறம், ராசியான கிழமை எல்லாம் போட்டு, பொருள் என்ற இடத்தில் ‘வெற்றி பெறுபவள்’ என்றிருந்தது. காட்டினேன். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“யாரு போட்டது இத? எங்க ஊர்ப் பக்கம் வந்ததே இல்ல போலகீது.”

ஜாதகம் கணித்தவர் மிருகசீரிஷம் முதல் பாதம் என்றார். பெயரின் முதல் எழுத்து ‘வே’ ஆக இருந்தால் உத்தமமாம். கேட்டுவிட்டு அவள் அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள். அந்த எழுத்தில் ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருக்கிறது, அது போதும் என்றாள்.

எங்கள் யூனிட்டில் லேத் ஓட்டும் தேவராஜின் மகள் பெயர் தர்ஷ்விகா. என்ன அர்த்தம் என்று ஒரு தடவை கேட்டேன். தெரியாது என்றான். அர்த்தம் தெரியாமல் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பது லேபிள் இல்லாத ட்ரே மாதிரி என்று அவனுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். ஷ், ஸ், ஜ் என்று சீறிக்கொண்டு வருகிற இந்தக் காலத்துப் பெயர்களை எல்லாம் ஒரு கட்டுரையில் வாங்கு வாங்கென்று வாங்கியவன் நான். தேவராஜ் அதை மறக்கவில்லை. மாதங்கள் போகப் போக, ஸ்டோர்ஸ் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்பான்.

“இன்னா சார், நட்டு போல்ட்டுக்கெல்லாம் பேரு வச்சிக்கினுகீற. பெத்த பொண்ணுக்கு இன்னும் வைக்கல?”

வைக்கவில்லை. இரண்டரை மாத ஊசி வந்தது. வேண்டாம் பேபி என்று கூப்பிட்டார்கள். மூன்றரை மாத ஊசியும் வந்தது. அந்தத் தடவை அவள் கதவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். தன் கார்டு மேலே வந்ததும் நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் எழுந்து போய் நின்றாள். அப்படியும் பாதி விழுந்துவிட்டது. ‘வேண்டா...’

ஊசியின் வலியில் மகள் வீறிட்டாள். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப்பைக்குள் அன்று குறித்த மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றுமே அழகானவை. மூன்றிலும் எனக்குத் திருப்தி இல்லை. நான் சொற்களை எடை போட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதத்தில் அவள் அந்தக் கூடத்தை இன்னும் இரண்டு தடவை கடந்திருந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சில் ஓர் அலுப்பு வந்து உட்கார்கிறது. என் மேலேயே வருகிற அலுப்பு.

மகாராணி

என் மனைவி தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து ஏழாவது மாதம் வேலைக்குத் திரும்பினாள். விடியும்போதே திருவள்ளூரில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குழந்தையை எங்கள் வீட்டுக்கார அம்மா மங்கம்மா பார்த்துக்கொண்டார். ஆந்திரா எல்லையில் பிறந்தவர், குழந்தையோடு தெலுங்கில்தான் பேசுவார்.

அவளுடைய சூப்பர்வைசர் திவாரி, வடக்கேயிருந்து வந்தவர். வந்து நாலைந்து வருஷமாகியும் தமிழ் ஒட்டவில்லை. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்து அவளை ‘வேந்தம்ஜி’ என்று கூப்பிடுவார். வந்த புதிதில் ஒரு நாள், இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவள் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, மகாராணி, என்று சொல்லியிருக்கிறாள்.

திவாரி அதை நம்பிவிட்டார். ஊருக்குப் போன் பேசும்போது மனைவியிடமும் சொன்னாராம், இங்கே ஒரு மகாராணி எனக்குக் கீழே வேலை செய்கிறார் என்று.

இந்தக் கதையை நான் பல இடங்களில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அவளும் கூடச் சிரிப்பாள். அதற்குள் வேறொன்று இருந்தது எனக்குத் தெரியவில்லை.

விழைவு

ஏழாவது மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது.

விழைவு.

விரும்புதல். ஆசையோடு வேண்டுதல். மூன்று எழுத்து. நடுவில் ஒரு ‘ழை’. நோட்டில் எழுதிவிட்டு எழுந்து நின்றேன். உடம்பு சிலிர்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். வேண்டாம் பெற்ற மகளுக்கு ‘வேண்டும்’ என்று பெயர். ஒரு தலைமுறைக்கு முந்தைய தப்பை ஒரே சொல்லால் நேர் செய்துவிடலாம். ஒரு கவிஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவள் பின்வாசலில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்தி, வெதுவெதுப்பான தண்ணீரைக் கைகுவித்து முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை சிமெண்டுத் தரையில் வழிந்து போனது. நான் சொன்னேன். பொருளும் சொன்னேன். ஏன் இந்தச் சொல் என்பதையும் ஒரு சின்ன உரை மாதிரி சொல்லி முடித்தேன்.

அவள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

“நல்லாத்தாங்க கீது.”

“அப்ப வச்சிடலாமா?”

 குழந்தையின் கழுத்து மடிப்பில் விரல் விட்டு நுரையை எடுத்தாள்.

“எங்கம்மா சாமிகிட்ட ஒண்ணு கேட்டாங்க. அதுக்கு என்னைய வச்சிக்கினாங்க. இப்ப நீங்க எங்கம்மாக்கு பதில் சொல்றீங்க. அதுக்கு இவள வச்சிக்கிறீங்க.”

குழந்தையைத் திருப்பிக் கிடத்தி மறுபடி தண்ணீரை மொண்டாள்.

“யாரு கூப்புட்டாலும் இவளுக்கு என் கதைதானங்க ஞாபகம் வரும்? அவ எதுக்கு எனக்கு பதில் சொல்லிக்கினு திரியணும்?”

பிறகு, நான் எதிர்பார்க்காததைக் கேட்டாள்.

“அர்த்தமே இல்லாத பேரா ஒண்ணு பாருங்களேன்.”

அப்புறம்தான் திவாரியைப் பற்றிச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் தன் பெயரைக் கேட்டு முகம் மாறாத ஒரே ஆள் அவர்தானாம். சிரிக்கவும் இல்லை, பாவம் என்று பார்க்கவும் இல்லை. மகாராணி என்று சொல்வதற்கு முன்னாலேயே, வெறுமனே அட்டையைப் படித்து வேந்தம்ஜி என்று முதல் தடவை கூப்பிட்டாரே, அப்போது அவளுக்குத் தன் பெயர் நன்றாக இருந்ததாம். ஏதோ ஒரு சத்தம், அவ்வளவுதான். தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

“அந்த மாதிரி ஒண்ணு போதுங்க. கூப்ட்டா இவ திரும்பணும். வேற யாரும் திரும்பக் கூடாது.”

நோட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். ஐந்தரை மாதம் எழுதியது. மூன்று பத்தியில் இரண்டை அவள் ஒரு குளியல் நேரத்தில் அழித்துவிட்டாள். கோபம் வரவில்லை. இருபத்தைந்து வருஷமாகச் சொற்களுக்குப் பொருள் ஏற்றியே தோள் கடுத்துப்போனவனுக்கு, இறக்கி வை என்று ஒருத்தி சொன்னால் முதலில் வருவது கோபம் இல்லை.

எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்வது

அர்த்தமில்லாத பெயர் சுலபமாகக் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். கிடைக்கவில்லை. எந்தச் சத்தத்தை எடுத்தாலும் ஏதோ ஒரு மொழிக்காரர் அதில் ஏற்கெனவே குடியிருந்தார். இந்தப் பக்கத்தில் எத்தனை மொழி உலவுகிறது என்பது எனக்கு அந்த மாதத்தில்தான் உறைத்தது.

அவளுக்கு முதலில் பிடித்தது ஏமி. சின்னதாக, குழந்தையின் வாய் மாதிரி இருக்கிறது என்றாள். மங்கம்மாவிடம் சொன்னதும் அவர் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தெலுங்கில் ஏமி என்றால் ‘என்ன’ என்று பொருள்.

“பள்ளிக்கூடத்துல டீச்சர் பேரு இன்னானு கேப்பாங்க. இது ‘இன்னா’ன்னும். அடி வுழும் நைனா.”

அடுத்தது ரூஹி. கடைவீதித் தையற்காரர் கரீம் பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ரூஹ் என்றால் உயிர், ஆன்மா, இதைவிட நல்ல பெயர் உண்டா, கண்ணை மூடிக்கொண்டு வையுங்கள் என்றார். அர்த்தம் இருப்பதால்தான் வேண்டாம் என்கிறோம் என்று அவருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. தைத்து வைத்திருந்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். நான் கிளம்பும்போது அவர் பாவமாகப் பார்த்தார்.

மிலி என்று ஒன்று. திவாரியிடம் கேட்டாள். இந்தியில் மிலி என்றால் கிடைத்தாள் என்று சொன்னாராம். எனக்குக் கொஞ்சம் சபலம் தட்டியது. கிடைத்தாள். பதினோரு வருஷம் காத்திருந்தவர்கள் நாங்கள். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“பாத்தீங்களா, ஒடனே ஆரம்பிச்சிட்டீங்க.”

அதையும் அடித்தேன்.

ஒன்பதாம் மாத ஊசிக்கு மூன்று வாரம் இருக்கும். மறுபடியும் ஒரு ஞாயிறு, மறுபடியும் பின்வாசல், தண்ணீர். குழந்தையின் தலையில் ஊற்றும்போது மூச்சு முட்டாமலிருக்க அவள் ஏதேதோ சத்தம் எழுப்புவாள். ரிலோ ரிலோ ரிலோ ஷா என்று ஊற்றினாள். ஷாவில் தண்ணீர் விழுந்தது. மகள் கண்ணை இறுக்கி மூடித் திறந்து சிரித்தாள். மறுபடி ரிலோ ரிலோ ரிலோ. இந்தத் தடவை தண்ணீர் விழுவதற்கு முன்னாலேயே சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏங்க, திரும்பிப் பாக்கறா பாருங்க.”

ரிலோஷா.

கடைசியில் ஷா. நான் கட்டுரை எழுதி அடித்த அதே ஷா. தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். ஆனாலும் பழக்கம் விடவில்லை. உள்ளே போய் அகராதியில் ர-வைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. மங்கம்மா, தெலுங்கில் இல்லை என்றார். கரீம் பாய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். திவாரி தன் மனைவியிடம் போனில் கேட்டு, அவர் தன் அம்மாவிடம் கேட்டு, மறுநாள் வந்து சொன்னாராம்: “குச் நஹீ, வேந்தம்ஜி. ஒண்ணும் இல்லே.”

ஒன்றும் இல்லை என்று கேட்டு எந்த வீடும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்காது.

பதிகிற இடத்தில் எழுதுகிறவர் எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, புதுசா இருக்கே, என்ன சார் அர்த்தம் என்று கேட்டார். ஒன்றும் இல்லைங்க என்றேன். சொல்ல விருப்பமில்லை போல என்று நினைத்துக்கொண்டார். காக்களூரில் தேவராஜ் விடவில்லை. ஜன்னலில் முழங்கையை ஊன்றி, பெயரைக் கேட்டு, அர்த்தத்தையும் கேட்டு, என் வாயிலிருந்தே ‘தெரியாது’ என்பதை வரவழைத்துக்கொண்டு, ஒரு டஜன் வாஷரை வாங்கிப் போனான். போகிற வழியெல்லாம் அவன் முதுகு சிரித்தது.

ஒன்பதாம் மாதம்

அதே கூடம். அதே மின்விசிறி. ஸ்பிரிட் வாசனையில் ஒரு மாற்றமும் இல்லை. இந்தத் தடவை அவள் கதவோரம் உட்காரவில்லை. நடு பெஞ்சில் இடம் கிடைத்தது, அங்கேயே உட்கார்ந்தாள். நானும் வராந்தாவில் நிற்காமல் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன்.

வந்தவுடன் நர்ஸ் கார்டை வாங்கிப் பார்த்து, பிறப்புச் சான்றிதழையும் பார்த்து, காலியாக இருந்த இடத்தில் பெயரை எழுதினார். தாயின் பெயர் இருந்த வரியை யாரும் தொடவில்லை. அதையும் மாற்றிவிடலாம், ஒரு மனு எழுதினால் போதும் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அது தன்னோடு இருந்துவிட்டுப் போகட்டும், அப்பா கூப்பிடப் பேர் வேண்டாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தன் பேச்சிலேயே அந்தச் சொல் வந்து விழுந்ததைக் கவனித்து மெல்லச் சிரித்துக்கொண்டாள்.

கார்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. யாரோ ஒரு குழந்தை பக்கத்துக் குழந்தையின் காதைப் பிடித்து இழுத்தது. பின்பெஞ்சில் யாரோ பிஸ்கட் பிரித்தார்கள். எங்கள் மகள் அம்மாவின் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“ரிலோஷா.”

என் மனைவி எழுந்திருக்கவில்லை. நான் சுவரோரத்திலிருந்து பார்க்கிறேன். அவளும் மற்றவர்களைப் போலவே, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தெட்டு வருஷமாக வேறொன்றைக் கேட்டுப் பழகிய காது. தோள்கள் அந்தப் பழைய சொல்லுக்காக இறுகித் தயாராக இருக்கின்றன.

“ரிலோஷா... ரிலோஷா யாரும்மா?”

குழந்தைதான் முதலில் தாலிக்கயிற்றை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பியது. குளிக்கும்போது மூடுகிற மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தண்ணீர் விழட்டும் என்று காத்திருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனாள். பின்னால் பிஸ்கட் தாள் சரசரத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.